தந்தையின் வழியும் தனயனின் கால்களும்
மணிலால் காந்தியின் வாழ்க்கை

பெரியாரொருவருக்குப் பிள்ளையாய்ப் பிறப்பது முன்னைத் தவத்தின் பயன் என்று நம்மவர் சொல்வதுண்டு. ஆனால், பெரியாரின் பிள்ளைகள் சுமக்கும் சுமையை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. தந்தையோ தாயோ நாட்டுக்காகச் சிறை புகும்போது, அந்த வீட்டுச் சிறுவர்களும் தம்மை அறியாமலே அப்போராட்டத்துக்குள் இழுக்கப்படுகின்றார்கள். அவர்களுட் சிலர் பெற்றோரின் கொடியைத் தாமே ஏந்துகின்றனர். வேறு சிலர் அக்கொடியைக் கண்டாலே முகந் திருப்பிக் கொள்கின்றனர். ஒரே கூரையின் கீழ் வளர்ந்த பிள்ளைகளிடையே இவ்வேற்றுமை ஏன் உண்டாகின்றது? இவ்வினாவுக்கு விடை தேடும் நோக்கத்துடனேயே காந்தியடிகளின் இரண்டாவது புதல்வர் மணிலால் காந்தி அவர்களின் வாழ்க்கையை இம்மலரில் எடுத்துரைக்க முற்பட்டோம்.

மணிலால் 1892ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் குஜராத்திலுள்ள ராஜ்கோட்டில் பிறந்தார். அன்னை கஸ்தூரிபாய். அண்ணன் ஹரிலால். பின்பு ராமதாஸ், தேவதாஸ் என இரு தம்பியர் பிறந்தனர். குழந்தை பிறந்த அடுத்த ஆண்டிலேயே தந்தையார் வழக்கொன்றின் பொருட்டுத் தென்னாபிரிக்கா சென்றுவிட்டார். ஆகவே மழலைப் பருவத்தில் தந்தையின் முகத்தைக் காணும் வாய்ப்பு மணிலாலுக்குக் கிட்டவில்லை. 1896இல் காந்தியடிகள் திரும்பி வந்து மனைவி மக்களை அழைத்துக்கொண்டு கப்பலேறினார்.

அந்தக் கப்பற் பயணத்தின் முடிவிலே நான்கு வயதுச் சிறுவனுக்கு முதற்பாடம் காத்திருந்தது. இந்தியர் குடியேறுவதை எதிர்த்த வெள்ளையர் டேர்பன் துறைமுகத்தில் திரண்டு நின்றனர். பல நாட்கள் கப்பலில் இருந்தோர் கரையிறங்க விடப்படவில்லை. 1897 ஜனவரி 13ஆம் நாள் அன்னையும் பிள்ளைகளும் பார்சி ருஸ்தம்ஜி என்னும் அன்பரின் இல்லத்துக்கு முன்னதாக அனுப்பப்பட்டனர். பின்னால் நடந்து வந்த காந்தியடிகளைக் கூட்டத்தினர் கல்லாலும் முட்டையாலும் எறிந்து, அடித்து, உதைத்தனர். அன்றிரவு அவ்வில்லத்தையே சூழ்ந்துகொண்டு அவரைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி ஆரவாரஞ் செய்தனர். அவர் காவலர் உடையில் மாறுவேடம் பூண்டு வெளியேற வேண்டியதாயிற்று. வீட்டினுள்ளே தாயின் மடியில் ஒடுங்கியிருந்த பாலகன் அதை எவ்வாறு விளங்கிக்கொண்டானோ நாமறியோம். எனினும், தன்னை அடித்தவர்கள்மீது வழக்குத் தொடுக்கத் தந்தை மறுத்துவிட்டார் என்னும் செய்தி, பின்னாளில் அக்குடும்பத்தின் சொத்தாகவே ஆகிவிட்டது.

இடையிற் குடும்பம் இந்தியா திரும்பியிருந்த காலத்தில், 1902இல் பம்பாயில் மணிலால் கடுங் காய்ச்சலில் வீழ்ந்தார். முட்டையும் கோழிச்சாறும் கொடுக்க வேண்டுமென வைத்தியர் கூறினார். புலாலுணவை மறுத்த தந்தை, ஈரத்துணி சுற்றும் நீர்ச்சிகிச்சையை மேற்கொண்டு, தாமே அருகிலிருந்து பார்த்தார். பிள்ளை பிழைத்தான். பிள்ளையின் சம்மதத்தைக் கேட்டே அதைச் செய்தாரென்பது உண்மை. ஆயினும் பத்து வயதுப் பிள்ளை தந்தைக்கு வேறென்ன மறுமொழி கூறியிருக்க முடியும்? கொள்கையுடைய பெற்றோரின் பிள்ளைகள் அக்கொள்கையின் விலையையும் சேர்த்தே செலுத்துகின்றார்கள் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

1904இல் டேர்பனிலிருந்து சுமார் 14 மைல் தொலைவில் பீனிக்ஸ் என்னும் குடியிருப்பைக் காந்தியடிகள் நிறுவினார். அதற்கு முந்திய ஆண்டு தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையின் அச்சகமும் அங்கே மாற்றப்பட்டது. ஆங்கிலம், குஜராத்தி ஆகியவற்றோடு தமிழிலும் இந்தியிலும் அப்பத்திரிகை தொடக்கத்தில் வெளிவந்தது என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத் தக்கது. பிள்ளைகளை வழக்கமான பாடசாலைக்கு அனுப்பத் தந்தையார் இசையவில்லை. எழுத்துக் கோப்பதும், நிலத்தைக் கொத்துவதும், நோயாளரைப் பேணுவதுமே மணிலாலின் கல்வியாயின. பட்டமும் பதவியும் தரும் படிப்பில்லையே என்ற ஏக்கம் அவர் உள்ளத்தில் இருந்தது. 1909இல் பிரிட்டோரியாச் சிறையிலிருந்து தந்தை அவருக்கு எழுதிய நீண்ட கடிதம் புகழ்பெற்றது. ஏட்டறிவைவிட ஒழுக்கமும் கடமையுணர்வுமே உண்மைக் கல்வி என்பதும், நோயுற்ற அன்னையையும் தம்பியரையும் பேணுவதால் அக்கல்வியின் பாதியை அவர் பெற்றுவிட்டார் என்பதும் அக்கடிதத்தின் கருத்து. அப்போது மணிலாலுக்கு வயது பதினாறு. தந்தை சிறையில், அண்ணனும் சத்தியாக்கிரகத்தில். வீட்டின் பொறுப்பு முழுவதும் அவ்விளந் தோள்கள்மீது விழுந்திருந்தது.

அடுத்த ஆண்டே அவர் சிறைக்குச் சென்றார். திரான்ஸ்வாலில் ஆசியர்களைக் கைரேகை பதியச் செய்து இழிவுபடுத்திய சட்டத்தை எதிர்த்து நடந்த அறப்போரில், உத்தரவுச்சீட்டின்றித் தெருவிற் பொருள் விற்றுக் கைதானார். பதினெட்டு வயது நிரம்புமுன்னரே சிறைக் கஞ்சியைக் குடித்தவர் அவர்.

இவ்விடத்தில் அண்ணன் ஹரிலாலைப் பற்றியுஞ் சொல்லாவிடின் வரலாறு முழுமை பெறாது. 1908க்கும் 1911க்கும் இடையில் ஹரிலால் பலமுறை சிறை சென்று, மக்களாற் சின்னக் காந்தியென்றே அழைக்கப்பட்டார். வீரத்தில் அவர் தம்பிக்கு எள்ளளவுங் குறைந்தவரல்லர். ஆனால், தமக்கு உயர்கல்வி மறுக்கப்பட்டதென்ற மனப்புண் ஆறவில்லை. 1911இல் தந்தையை விட்டுப் பிரிந்து இந்தியா சென்றார். பின்னர் அவர் வாழ்வு நிலைகுலைந்து, 1948இல், தந்தை மறைந்த சில மாதங்களுள், பம்பாயில் முடிவுற்றது. ஒரே வீடு, ஒரே போராட்டம், ஒரே சிறை. ஒருவர் விலகினார், மற்றவர் நிலைத்தார். பெற்றோரின் தொண்டு பிள்ளைகளிடத்தில் தானாகவே முளைத்துவிடும் என்று நம்பியிருப்போர் ஹரிலாலின் கதையை மறத்தலாகாது.

மணிலால் நிலைத்தமைக்குக் காரணங்களுள் அன்னை கஸ்தூரிபாயை முதன்மையாக வைத்தெண்ணலாம் என்பது நமது கருத்து. 1913இல் கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்ற தீர்ப்பு இந்தியப் பெண்களின் மானத்தைத் தொட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் பீனிக்ஸிலிருந்து புறப்பட்ட முதற் குழுவில் அன்னை சேர்ந்து, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். ராமதாஸும் அக்குழுவில் ஒருவர். மணிலாலும் அப்போராட்டத்திற் சிறை புகுந்தார். விடுதலையான அன்னை எலும்புந் தோலுமாய் வெளிவந்தார். கணவனைப் பின்பற்றியவள் என்று சொல்லி அவரை ஒதுக்கிவிடுதல் தகாது. தாமே முன்வந்து சிறைபுகுந்தவர் அவர். வீட்டில் தந்தை மட்டும் பேசுவதற்கும், பேசாத தாயும் சேர்ந்து துன்புறுவதற்கும் வேறுபாடு உண்டு. பேச்சைக் கேட்ட பிள்ளை வாதாடலாம். தாயின் மெலிந்த உடலைக் கண்ட பிள்ளை எதை வாதாடுவது?

அந்தப் போராட்டத்திலே நம் தமிழ்க் குடும்பங்கள் செய்த தியாகம் பொன்னெழுத்துக்களாற் பொறிக்கத் தக்கது. தில்லையாடி வள்ளியம்மை தம் அன்னை மங்களத்துடன் சிறை சென்று, நோயுற்று வெளிவந்து, 1914 பெப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்தார். தம்பி நாயுடு என்னும் ஜொகன்னஸ்பேர்க் தமிழர் தலைவர் பன்முறை சிறை கண்டவர். அவர் மனைவி வீரம்மாளும் சிறை கண்டவர். 1914இல் காந்தியடிகள் தென்னாபிரிக்காவை விட்டுப் புறப்படுமுன், தம் புதல்வர் நால்வரையும் நாட்டுப்பணிக்கென அவரிடம் தம்பி நாயுடு ஒப்படைத்தார். அவர்களுள் ஒருவரான நாராயணசாமி பின்னர் திரான்ஸ்வால் இந்தியர் காங்கிரஸின் தலைவர்களுள் ஒருவரானார். பேரன் இந்திரஸ் 1963இற் கைதாகி, றொபன் தீவில் பத்தாண்டுகள் சிறையிருந்தார். பேர்த்தி சாந்தி 1969இற் கைதாகி, தோழியருக்கெதிராகச் சாட்சி கூற மறுத்து, தனிச்சிறையில் ஓராண்டுக்கு மேல் வாடினார். ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இவ்வுணர்வு அறாது வந்ததென்றால், அங்கே ஆணும் பெண்ணும் குழந்தையும் ஒன்றாகவே துன்பத்தைப் பகிர்ந்தமையே அதற்கு வேர் என்று துணிந்து கூறலாம்.

மீண்டும் மணிலாலிடம் வருவோம். 1914இல் பீனிக்ஸ் குழுவினருடன் இந்தியா சென்று, சாந்திநிகேதனத்திலும் பின் அகமதாபாத் ஆசிரமத்திலும் வாழ்ந்தார். அங்கே ஒரு சோதனை வந்தது. வறுமையுற்ற அண்ணனுக்கு, தம் பொறுப்பிலிருந்த பணத்தைத் தந்தைக்குத் தெரியாமற் கொடுத்துதவினார். உடன்பிறந்த பாசத்தாற் செய்த செயலாயினும், பொதுப்பணத்தில் மறைவு கூடாதென்று தந்தையார் அவரை ஆசிரமத்தை விட்டு வெளியேறச் செய்தார். இளைஞர் சென்னைப் பட்டணம் சென்று, தந்தையின் பெயரைச் சொல்லிச் சலுகை தேடாது, சிலகாலம் அங்கே வாழ்ந்தார். 1917இல் இந்தியன் ஒப்பீனியனுக்கு உதவியாகத் தென்னாபிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். தண்டனைபோலத் தொடங்கிய அப்பயணமே அவர் வாழ்க்கைப் பணியாயிற்று.

1920இற் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர், இறக்கும்வரை முப்பத்தாறு ஆண்டுகள் அதைச் சுமந்தார். பணவருவாய் இல்லை. உதவிக்கு ஆள் இல்லை. எழுதுவதும், அச்சுக் கோப்பதும், மடித்து அஞ்சலில் சேர்ப்பதும் பல வேளைகளில் வீட்டாரின் வேலையாகவே இருந்தன. தந்தை அங்கு வாழ்ந்த ஆண்டுகள் இருபத்தொன்று. மைந்தன் அங்கு உழைத்த ஆண்டுகளோ அதனினும் மிகப் பல. உலகத்தின் கண் இந்தியாவை நோக்கியிருந்தது. பீனிக்ஸின் கரும்புக் காட்டிடையே ஒருவர் விளக்கை அணையவிடாது காத்திருந்ததைக் கண்டவர் சிலரே.

அவருடைய திருமண விஷயத்தையும் மறைக்காது கூறுதல் நம் கடமை. 1926இல் கேப்டவுனைச் சேர்ந்த முஸ்லிம் பெண்ணொருவரை மணக்க விரும்பித் தந்தையின் இசைவை வேண்டினார். இருவர் தர்மமும் வேறென்றும், இம்மணம் இரு சமூகங்களின் உறவுக்கும் நலந்தராதென்றும், பொதுப்பணிக்கும் தடையாகுமென்றும் காந்தியடிகள் மறுத்துவிட்டார். முப்பத்துமூன்று வயது வந்த மைந்தன் தந்தை சொல்லுக்கு இணங்கினார். 1927 மார்ச் மாதத்தில் அகோலாவில் சுசீலா அம்மையாரை மணந்தார். அதே ஆண்டு நவம்பரில் காந்தியடிகளும் கஸ்தூரிபாயும் நம் இலங்கைக்கு வந்தனர். அடிகள் யாழ்ப்பாணத்து மாணவர்களிடையே உரையாற்றினார். அன்று அடிகளைத் தரிசித்த நம் முன்னோர், அவர் இல்லத்தில் ஒரு மகன் தன் விருப்பத்தை விட்டுக் கொடுத்திருந்ததை அறிந்திருக்கமாட்டார்கள். அடிகளிடத்து நமக்குள்ள பக்தி சிறிதுங் குறையாமலே, இவ்விடத்தில் தந்தையின் அதிகாரம் எல்லை கடந்தது என்று நாம் எண்ணுகின்றோம். நாட்டுக்கு விடுதலை வேண்டிய பெரியார், வளர்ந்த மகனுக்கு அவ்விடுதலையை அளிக்கத் தயங்கினார். சுசீலா அம்மையாரோ பீனிக்ஸின் உயிர்நாடியாகவே விளங்கினார் என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

1930ஆம் ஆண்டு மணிலால் இந்தியாவில் இருந்தார். மார்ச் 12ஆம் நாள் சபர்மதியிலிருந்து தண்டிக்குப் புறப்பட்ட உப்பு யாத்திரையில் அவரும் நடந்தார். அந்த அணியில் ஹரிலாலின் மகன் காந்திலாலும் நடந்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கின்றது. தந்தை விலகினார், பேரன் பாட்டனாரின் பின்னே வந்தான். பெற்றோரின் வழி பிள்ளையைத் தாண்டிப் பேரனைச் சென்றடைவதும் உண்டு போலும்!

அடிகள் கைதான பின், மே 21ஆம் நாள், சரோஜினி தேவியார் தலைமையில் தராசனா உப்பளத்தை நோக்கிச் சுமார் 2,500 தொண்டர்கள் சென்றனர். தென்னாபிரிக்க நாட்களிலிருந்தே உடன் உழைத்த இமாம் சாகிபும் மணிலாலும் முன்னணியில் நின்றனர். இரும்புப் பூண் கட்டிய தடிகளாற் காவலர் மண்டைகளை உடைத்தபோதும், தடுப்பதற்குக் கையுயர்த்தாது அணியணியாகச் சென்று வீழ்ந்தனர் தொண்டர். அக்காட்சியை அமெரிக்கப் பத்திரிகையாளர் வெப் மில்லர் உலகுக்கு அறிவித்தார். மணிலால் கைதாகிச் சிறை சென்றார். டேர்பனில் தந்தையை அடித்த கூட்டத்தின் இரைச்சலைக் கேட்ட நான்கு வயதுப் பாலகன், முப்பத்தேழாவது வயதில், அடிக்க ஓங்கிய தடியின்முன் தானே சென்று நின்றான்.

தென்னாபிரிக்காவில் காலம் மாறியது. 1948 ஜனவரி 30ஆம் நாள் தந்தை சுடப்பட்டு மறைந்தார். அதே ஆண்டு மே மாதத்தில் மலான் தலைமையிலான தேசியக் கட்சி வென்று, நிறவெறியைச் சட்டமாக்கத் தொடங்கியது. இந்தியர் நடுவே டாக்டர் தாதூ, டாக்டர் நாயக்கர் ஆகிய புதிய தலைவர்கள் எழுந்திருந்தனர். அவர்களுடன் மணிலால் எல்லாவற்றிலும் உடன்படவில்லை. 1952இல் ஆபிரிக்கரும் இந்தியரும் கூடிச் சட்டமறுப்புக்கு ஆயத்தஞ் செய்தபோது, அகிம்சையை அறமாகவே கொள்ளவேண்டும் என்று மணிலால் வாதித்தார். அகிம்சை சூழ்நிலைக்கேற்ற ஓர் உபாயமே என்று நெல்சன் மண்டேலா முதலியோர் கருதினர். மணிலாலின் வாதத்தை மண்டேலா பின்னர் தம் சுயசரிதையில் குறித்துள்ளார். தந்தையின் பழம் பாடத்தை ஒப்புவிக்கின்றார் என்று இளைஞர் சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் அதற்கு முன்னரே, அறுபதை நெருங்கிய அம்மனிதர், எவரையும் எதிர்பாராது, வெள்ளையர்க்கென ஒதுக்கிய இடங்களுக்குத் தனியே சென்று சட்டத்தை மீறியிருந்தார், உண்ணாநோன்பும் இருந்தார். தந்தையும் இல்லை, கட்டளையும் இல்லை. அப்போது அவர் நடந்தது தம் சொந்தக் கால்களாலேயே.

1952 டிசம்பர் 8ஆம் நாள் ஜெர்மிஸ்டன் நகரத்தில், ஆபிரிக்கர் குடியிருப்புக்குள் உத்தரவின்றிப் புகுந்து அவர் கைதானார். அவருடன் ஊன்றுகோல்களில் நடந்து வந்தவர் பற்றிக் டங்கன் என்ற வெள்ளையர். அந்த டங்கனின் தந்தையார் தென்னாபிரிக்காவின் தேசாதிபதியாக விளங்கியவர்! ஆட்சிபீடத்தில் இருந்தவரின் மகன் ஒருவர். ஆட்சியை எதிர்த்தவரின் மகன் ஒருவர். ஒருவர் தந்தையின் வழியை விட்டு வந்தார். ஒருவர் தந்தையின் வழியே வந்தார். இருவரும் சேர்ந்து ஒரே வாயிலிற் புகுந்தனர். பிறப்பு எவரையும் கட்டிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, தந்தையென்ற நிலையில் மணிலாலைக் காண்போம். சீதா, அருண், இளா என மக்கள் மூவர். பதினாறு வயதில் அருண் ஒருநாள் தந்தையை மோட்டார்காரில் நகருக்கு அழைத்துச் சென்று விட்டுவிட்டு, சினிமா பார்த்து நேரங் கழித்து வந்து, வண்டி பழுதுபார்த்து முடியவில்லையென்று பொய் கூறினாராம். உண்மையை முன்பே விசாரித்தறிந்திருந்த தந்தை, மகனை அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. மகன் பொய்சொல்லும்படி வளர்த்தது தம் குறையென்று, இருளிற் பல மைல் தூரம் வீடு நோக்கி நடந்தார். மகன் வண்டியைப் பின்னே மெல்ல ஓட்டி வந்தார். இதை அருண் காந்தி தம் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். பீனிக்ஸ் வாசிகளின் பிழைக்காகத் தந்தையார் 1913இல் உண்ணாவிரதமிருந்ததை இளமையிற் கண்டவர் மணிலால். அந்த முறையை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் கட்டளையிடும் குரலை அவர் தம் மக்களிடம் கொண்டுவரவில்லை என்றே தோன்றுகின்றது.

1956 ஏப்ரல் 5ஆம் நாள் பீனிக்ஸிலே அவர் உயிர் நீத்தார். பத்திரிகையைச் சுசீலா அம்மையார் 1961வரை நடத்தினார். இளைய மகள் இளா காந்தி நிறவெறி அரசின் தடையுத்தரவுக்கும் வீட்டுக்காவலுக்கும் பல்லாண்டு ஆளாகி, விடுதலைக்குப் பின் 1994 முதல் 2004 வரை தென்னாபிரிக்கப் பாராளுமன்றத்தில் அங்கம் வகித்தார். அருண் அமெரிக்காவில் அகிம்சைக்கெனக் கழகம் நிறுவி உழைத்து, 2023இல் மறைந்தார். 1985இல் நடந்த கலவரத்தில் பீனிக்ஸ் இல்லங்கள் எரிந்து சாம்பராயின; மீளக் கட்டப்பட்டு 2000இல் திறந்து வைக்கப்பட்டன.

இவ்வரலாற்றிலிருந்து சங்கத்தின் மூத்தோரும் இளையோரும் கொள்ளவேண்டியதென்ன? மூத்தோரே, பொதுத்தொண்டைப் பிள்ளைகளுக்குக் கட்டளையாகக் கொடுப்பதால் அது வேரூன்றாது. அவர்கள் கண்முன்னே, தாயும் தந்தையும் ஒன்றாய், சொன்னபடி வாழ்ந்து துன்புறுவதால் வேரூன்றும். அவ்வாறு வாழும்போதும், பிள்ளையின் படிப்பையும் விருப்பையும் கேட்டறியும் செவி வேண்டும். அச்செவி அடைபட்ட வேளைகளிலேதான் ஹரிலால் இழக்கப்பட்டார்; மணிலாலும் மௌனமாய்ப் புண்பட்டார். இளைஞரே, பெற்றோரின் பெயரைச் சொல்லி மேடையேறுவது தொண்டாகாது. அவர்கள் விட்டுச் சென்ற இடத்தில், புகழில்லாத வேலையை முப்பத்தாறு ஆண்டு செய்யும் பொறுமை உமக்கு உண்டா என்று உம்மை நீரே கேட்டுக்கொள்ளும். உண்டென்று உள்ளம் சொல்லுமாயின், அப்பணி அன்று முதல் உமது பணியாகும்.

மணிலால் காந்தியின் நாமம் வாழ்க! அன்னை கஸ்தூரிபாயின் பொறுமை நம் இல்லங்களிலும் விளங்குவதாக!